ஆமென் சொல்ல முடியாத ஜெபம்

ஜெபின், வள்ளியூரில் உன் சித்தப்பா புது வீட்டைப் பிரதிஷ்டை பண்ணிய அன்றைக்கு நான் பண்ணிய ஜெபத்தை நீ மறந்திருக்க மாட்டாய். மறக்கும்படியாகவா பண்ணினேன்? சபைப் போதகரான ஐயர் வந்து வாசலில் ரிப்பன் வெட்டி, ஒவ்வொரு அறையாகப் போய் ஜெபித்து முடித்துவிட்டார். பந்தலில் பிரியாணிச் சட்டியைத் திறந்துவிட்டார்கள், வாசம் உள்ளே வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து உன் சித்தப்பா, "எங்க அண்ணன் ஒரு வார்த்தை ஜெபிப்பாங்க" என்று சொல்லிவிட்டான். நான் கண்ணை மூடினேன். மூடுமுன் கடைசியாகப் பார்த்தது மாடிப்படியில் பளபளவென்று போன எவர்சில்வர் கைப்பிடியை. அதற்கப்புறம் என் வாயில் வந்ததெல்லாம் மணல்மேல் கட்டிய வீடு, மோதுகிற வெள்ளம், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டி அன்று ராத்திரியே செத்துப்போன பணக்காரன், பூச்சி, துரு, கடைசியில் வானத்தைத் தொடப் போய்ப் பாதியில் நின்ற கோபுரம். வீட்டுப் பிரதிஷ்டைக்கு ஆகாத விஷயம் வேதத்தில் என்னவெல்லாம் உண்டோ, அதெல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. பத்தாவதில் கோட்டை விட்டவனுக்கு அன்றைக்கு அப்படி ஒரு ஞாபகசக்தி. கண்ணைத் திறந்தால் ஒருத்தரும் ஆமென் சொல்லவில்லை. உன் அம்மா என் சட்டையின் முதுகைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக இழுத்தாளோ. நீ உதட்டைக் கடித்துக்கொண்டு, செருப்பைத் தேடுகிறவன் மாதிரி வெளியே போனாய். சிரிக்கத்தான் போனாய் என்று எனக்குத் தெரியாதா?

திரும்பி வரும்போது பஸ்ஸில், "ஏம்ப்பா, அது ஜெபமா சாபமா?" என்று கேட்டாய். "எச்சரிப்புலே" என்றேன். பாளையங்கோட்டை வந்து இறங்கும்வரைக்கும் அதை நானே நம்பிக்கொண்டும் வந்தேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது. பொறாமைப்பட்டதுகூட இல்லை. பொறாமைக்கு வெள்ளை ஜிப்பா போட்டு, கையில் வேதத்தைக் கொடுத்து, ஆண்டவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேனே, அது.

மாடியில் இருக்கிற மகனுக்குக் கீழே இருந்து கடிதம் எழுதுகிற தகப்பன் திருநெல்வேலி ஜில்லாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். நேரில் சொன்னால் நீ "சரிப்பா" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விடுவாய். நானும் சத்தம் போட்டுவிட்டு, அப்புறம் உனக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டை வாங்கிவந்து சமாதானம் ஆகிவிடுவேன். இந்தத் தடவை அதற்கு நேரமில்லை. உன் பெண்டாட்டி பியூலா சேரன்மகாதேவியில் சர்க்கார் வேலையில் சேர வேண்டிய கடைசி நாள் திங்கட்கிழமை. சேராவிட்டால் அந்த வேலை போயிற்று. இன்னும் அவள் சேருவதா வேண்டாமா என்பது இந்த வீட்டில் முடிவாகவில்லை. முடிவாகாமல் வைத்திருப்பது நீ.

நேற்றுச் சாயங்காலம் மாடிப்படியில் நின்று நீ அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை, அடியில் என் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். "இதுல தேவ சித்தம் இருக்கான்னு பாக்கணும் பியூலா. எனக்கு உள்ள சமாதானம் இல்ல" என்றாய். நான் பம்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். வள்ளியூரில் கண்ணை மூடிக்கொண்டு நான் பேசிய குரல் அது. சமாதானம் இல்லையாம்! உனக்கு எப்படி இருக்கும்? பரீட்சை எழுதியது இரண்டு பேர். அவள் நம்பர் வந்தது, உன் நம்பர் வரவில்லை. அதற்குப் போய் ஆண்டவருடைய சித்தத்தை ஏன் இழுக்கிறாய்? அவர் பாட்டுக்கு இருக்கிறார்.

நீ தோற்றது எனக்கு வலிக்கவில்லை என்று நினைத்துவிடாதே. ஒரே மேஜையில் நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து படித்ததைப் பார்த்தவன் நான். நீ பைனான்ஸ் கம்பெனியில் இருந்து அலுத்துப்போய் வருவாய். அவள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உன்னைக் கேள்வி கேட்பாள். கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்தபடி நீ பதில் சொல்லுவாய். தப்பாகச் சொன்னால், "அய்யே, கண்டக்டர் மாமா மவனுக்கு இதுகூடத் தெரியல" என்பாள். நீ தலையணையைத் தூக்கி எறிவாய். உனக்குச் சொல்லிச் சொல்லியே அவளுக்கு எல்லாம் மனசில் நின்றுவிட்டது. அப்படிப் பார்த்தால் அவள் ஜெயித்ததில் உனக்கும் பங்கு உண்டு. ஆனால் அன்றைக்கு போனில் ரிசல்ட்டைப் பார்த்ததும் உன் வாயில் வந்த முதல் வார்த்தை என்ன? "இந்தத் தடவை பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கட் ஆஃப் குறைச்சல்லா." அந்தப் பிள்ளை முகத்தை நீ பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பார்த்தேன். சிரிப்பதற்காகத் திறந்த வாய், சிரிக்காமலே மூடியது.

அன்றைக்குக் குடும்ப ஜெபத்தில் நீ என்ன ஜெபித்தாய்? "ஆண்டவரே, எங்கள் பெருமையை உடைத்தருளும்." எங்கள் என்றால் யாருடைய பெருமையை? உன்னுடையதை அன்று மத்தியானமே உடைத்தாயிற்று. அவளுடையதைத்தான் சொன்னாய். கிறிஸ்தவ வீட்டில் பிறந்தவர்களுக்கு இது கைவந்த கலை, மகனே. மற்ற வீடுகளில் பொறாமை வந்தால் சண்டை வரும், முகத்தைத் திருப்புவார்கள். நம்ம வீடுகளில் வந்தால் ஜெபம் வரும். பக்கத்து வீட்டுப் பையனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததற்கு ஸ்தோத்திரக் காணிக்கை என்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசித்தால், நாம் தலையைக் குனிந்து "ஸ்தோத்திரம்" என்போம். வீட்டுக்கு வந்ததும், "அந்தப் பையன் அங்கன போய் விசுவாசத்துல நிக்கணுமே, பாரமா இருக்கு" என்போம். பாரமாம்! அது எந்தப் பாரம் என்று எனக்குத் தெரியும். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அதைச் சுமந்துகொண்டு வந்து ஆட்டுக்கறியோடு சேர்த்துத் தின்றிருக்கிறேன்.

வேதத்தில் முதல் கொலை எங்கே நடந்தது என்று யோசித்துப் பார். குடியிலோ சூதாட்டத்திலோ இல்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஆண்டவருக்குக் காணிக்கை கொண்டுபோன இடத்தில் இருந்துதான் அது கிளம்பியது. காணிக்கைத் தட்டில் கை வைத்துக்கொண்டே பக்கத்தில் இருக்கிறவன் தட்டைப் பார்த்தான், அவ்வளவுதான். கோயிலுக்குப் போகிறவனை அது விட்டுவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோயில் வாசலில்தான் அது குடியிருக்கிறது.

இன்னொன்று. கலெக்டரைப் பார்த்து எனக்கு என்றைக்காவது எரிச்சல் வந்திருக்கிறதா? இல்லை. கார் வைத்திருக்கிறவன் எத்தனை பேர் என்னைத் தாண்டிப் போகிறான், எனக்கு என்ன? ஒரே தட்டில் சாப்பிட்டவன், என் பழைய நிக்கரைப் போட்டு வளர்ந்தவன், என் தம்பி கைப்பிடி வைத்த மாடிப்படி கட்டினால்தான் எனக்கு எரியும். அப்படியானால் ஒரே மேஜையில் படித்து, ஒரே பாயில் படுக்கிறவள் மேல் எவ்வளவு எரியும்? அதனால் உனக்கு ஏன் பொறாமை வந்தது என்று நான் கேட்கவே மாட்டேன். வரத்தான் செய்யும். வந்ததை நீ என்ன செய்கிறாய் என்பதுதான் என் கேள்வி.

நான் செய்ததைச் சொல்லுகிறேன், கேட்டு நீயும் முகம் சுளித்துக்கொள். பிரதிஷ்டை முடிந்து கொஞ்ச நாளில், சித்தப்பா வீட்டு மாடிக் குளியலறையில் இருந்து ஹாலுக்குத் தண்ணீர் ஒழுகுகிறது, புதுப் பெயின்ட் எல்லாம் உரிந்து வருகிறது என்று உன் அம்மா போனில் கேட்டுவிட்டு வந்து சொன்னாள். "அய்யோ பாவம்" என்றேன். சொல்லிவிட்டு, "இன்னும் ரெண்டு இட்லி வை" என்றேன். உன் அம்மா இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "என்ன, இன்னைக்கு நல்லாப் பசிக்குதோ?" என்றாள். இட்லி தொண்டையில் நின்றது. சொந்தத் தம்பி வீட்டுச் சுவர் ஊறியதில் எனக்குப் பசி எடுத்திருக்கிறது, ஜெபின். எலி எங்கேயோ செத்துக் கிடக்க, வீடெல்லாம் தேடுகிறோமே, அந்த மாதிரி நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குக் கண்டுகொண்டேன். என் தட்டில் இருந்துதான் வந்தது.

மாஞ்சோலை வண்டியில் நான் கண்டக்டராக ஓடிய காலத்தில் படித்த பாடம் ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அதுதான் எனக்கு உதவியிருக்கிறது. மணிமுத்தாறு தாண்டி வண்டி மலையேற ஆரம்பித்ததும் வளைவு வளைவாக வரும். நாலாவது வளைவிலேயே யாருக்காவது வயிற்றைப் புரட்டும். "கண்டக்டரே, வாந்தி வருது" என்று சொல்லுகிறவரால் ஒரு தொல்லையும் இல்லை. எலுமிச்சம்பழத்தைக் கொடுப்பேன், ஜன்னலோரம் உட்கார வைப்பேன், மிஞ்சிப்போனால் வண்டியை ஓரம் கட்டச் சொல்லுவேன். தொல்லை யாரால் என்றால், வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு, "எனக்கு இதெல்லாம் பழக்கம்வே" என்று நடுவில் உட்கார்ந்து உதட்டை இறுக்கிக்கொண்டு வருகிறவரால். அவர் முகம் வெளுக்கும், நெற்றி வேர்க்கும், கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். கடைசியில் முன் சீட்டுக்காரன் முதுகில் எடுப்பார். அந்த நாற்றத்தில் பக்கத்து சீட்டு எடுக்கும், அதற்குப் பக்கத்து சீட்டு எடுக்கும், மேலே போய்ச் சேருவதற்குள் பாதி வண்டி எடுத்திருக்கும். கழுவுகிறவன் நான்.

நம்ம வீடு இப்போது அந்த வண்டி மாதிரித்தான் இருக்கிறது. நீ உதட்டை இறுக்கிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறாய். உன் அம்மா ஒரு வாரமாகப் பியூலாவிடம் அளந்து அளந்து பேசுகிறாள். "பஸ்ல தினம் போயிட்டு வரணுமே, வீடு என்னாகும்" என்று நீ ஆரம்பித்ததை அவளும் பிடித்துக்கொண்டாள். சேரன்மகாதேவிக்குப் பஸ்ஸில் போவது பெரிய கஷ்டம் என்று ஒரு கண்டக்டர் மகன் வாயால் சொல்லலாமாலே? என் வண்டியில் எத்தனை டீச்சரம்மா, எத்தனை நர்சம்மா தொங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். வீடு ஒன்றும் ஆகாது. சோறு நான் வடிப்பேன். குழைந்தால் கஞ்சியாகக் குடித்துக்கொள்ளலாம்.

இட்லி தொண்டையில் நின்றதற்கு மறுவாரம் நான் வள்ளியூர் போனேன். உங்களிடம் ரேஷன் கார்டு விஷயம் என்று சொல்லிவிட்டுப் போனேன், அது பொய். கதவைத் திறந்த உன் சித்தப்பா பதறிவிட்டான். "என்னண்ணே, போன் பண்ணாம வந்துட்ட? யாருக்கும் மேலுக்கு முடியலையா?" என்றான். பஸ்ஸில் நான் தயார் பண்ணிக்கொண்டு போன பேச்சு அவ்வளவும் மறந்துவிட்டது. வாசலிலேயே நின்று சொன்னேன், "உன் மேல எனக்குப் பொறாமைலே. அன்னைக்கு ஜெபத்துல வந்தது வசனம் இல்ல, வயித்தெரிச்சல்."

"தெரியும்ண்ணே" என்றான்.

"எப்பம் தெரியும்?"

"மணல் வீட்டுலயே தெரிஞ்சுட்டு. அவ ஆமென் சொல்லப் போனா, நான்தான் காலை மிதிச்சேன். வெள்ளம் வந்து மோதும்ங்குத நீ, அதுக்கு வீட்டுக்காரியே ஆமென் சொல்லலாமா?"

உள்ளே இருந்து உன் சித்தி சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது, அவனுக்கும் வந்தது. சிரித்து முடித்த பிறகு அவன் முகம் மாறிவிட்டது. "அண்ணே, ஐயர் எல்லா ரூமும் ஜெபிச்சாச்சு. பெறவு எதுக்கு உன்னைக் கூப்பிட்டேன்? அப்பா இருந்தா அப்பாவைக் கூப்பிட்டிருப்பேன்" என்றான். பிறகு அவனே, "சரி, இப்பம் பண்ணு" என்றான்.

"என்னத்த?"

"ஜெபம். கோபுரமெல்லாம் வேண்டாம். சின்னதா பண்ணு."

ஹாலில் நின்றேன். தலைக்கு மேலே சுவரில் ஈரம் படர்ந்த தடம் இருந்தது. அன்றைக்கு மடை திறந்த மாதிரி வந்த வாய், இன்றைக்குத் திறக்க மாட்டேன் என்கிறது. நல்லதைச் சொல்லுவதற்கு அவ்வளவு பாடு. கடைசியில், "ஆண்டவரே, இந்த வீட்டுல என் தம்பி நல்லா இருக்கணும்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அடுக்களையில் இருந்து உன் சித்தி சத்தமாக "ஆமென்" என்றாள்.

அதோடு பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே. கிளம்பும்போது அந்தக் கைப்பிடியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இப்போதும் காலையில் பல் விளக்கி முடித்ததும் அவன் பேரைச் சொல்லி, அவன் கடையைச் சொல்லி, ஒழுகுகிற சுவரைச் சொல்லி ஜெபிக்கிறேன். சில நாள் லேசாக வருகிறது, சில நாள் இழுத்துப் பிடித்துக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. ஆனால் ஒன்று, பேரைச் சொல்லி ஒருத்தனுக்கு நல்லது கேட்டுவிட்டு, அப்புறம் அவன் சுவர் ஒழுகுவதற்கு இட்லி கேட்க வாய் கூசுகிறது. எனக்கு அது போதும். நான் பெரிய விசுவாசி இல்லை.

நீ செய்ய வேண்டியதும் அவ்வளவுதான். மாடிக்குப் போ. "பியூலா, எனக்கு எரிச்சலா இருக்கு. நீ ஜெயிச்சது எனக்குத் தாங்கல" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடு. அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும். தேவ சித்தம் என்று சொல்லுவதைவிட அது சுத்தம். அவள் அழுவாள், இல்லையென்றால் தலையணையைத் தூக்கி எறிவாள். அப்புறம் நீயே அவளுக்காக ஒரு வாக்கியம் ஜெபி, கண்ணை மூடிக்கொண்டாவது ஜெபி. இதைச் சொல்லாமல் நீ அவளை வீட்டிலேயே நிறுத்திவிட்டால், அவள் உன்னை மன்னித்துவிடுவாள். அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. சாகும்வரைக்கும் மன்னித்துக்கொண்டே உனக்குச் சோறு போடுவாள். அந்தச் சோறு உனக்கு இறங்காது.

கெட்டுப்போய்த் திரும்பிவந்த தம்பிக்காக உள்ளே விருந்து நடக்க, வெளியே முறுக்கிக்கொண்டு நின்றானே ஒரு அண்ணன், அவன் கதையை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருப்போம். எல்லாரும் அந்தத் தம்பியையே பேசுகிறார்கள். எனக்கு இப்போது அந்த அப்பாதான் கண்ணில் நிற்கிறார். விருந்தை விட்டுவிட்டு, வந்த ஆட்களை விட்டுவிட்டு, வெளியே வந்து பெரிய மகனிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கிறார். அவன் உள்ளே போனானா இல்லையா என்று எழுதவில்லை. அதை அவனிடமே விட்டுவிட்டார்கள். நானும் இப்போது வெளியே வந்துதான் நிற்கிறேன், ஜெபின். உன்னைத் திட்டுவதற்கு வரவில்லை.

திட்டவும் எனக்கு யோக்கியதை இல்லை. இன்று காலையில் நீ வேலைக்குப் போன பிறகு, பியூலா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் எடுக்க அடுக்களைக்குப் போனேன். தலையைத் தூக்காமலே கேட்டாள், "மாமா, திங்கட்கிழமை நான் போகவா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க." பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் உன் முகம் குறுக்கே வந்தது. என் மகனுக்குக் கிடைக்காததை இவளுக்கு நான் எப்படித் தூக்கிக் கொடுப்பது என்று ஒரு அற்ப நினைப்பும் கூடவே வந்தது, மறைக்க மாட்டேன். தம்பி வீட்டில் துடைத்துப் போட்டுவிட்டு வந்ததாக நினைத்தது, என் அடுக்களையிலேயே நின்றுகொண்டிருக்கிறது. "ஜெபம் பண்ணுவோம்மா" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூட எடுக்காமல் வெளியே வந்துவிட்டேன். அவள் "சரி மாமா" என்றாள். கத்திச் சத்தம் மறுபடி கேட்க ரொம்ப நேரம் ஆயிற்று. நான் வாசலில் நின்று, வெளியே வராத அந்த ஒரு வார்த்தையை மென்றுகொண்டிருந்தேன்.

போம்மா, நீ ஜெயிச்சவ.